கச்சூமா ஏரிக்கரையில் ஆர்.வி. முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்கினால் லாஸ் ஏஞ்சலஸ், இர்வைன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கூடாரம் போட ஆசை, பெரியவர்களுக்குத் தரையில் படுக்க முடியாது. சரி, ஆர்.வி. எடுக்கலாமா என்று பேச்சு வரும். அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் கலிபோர்னியாவில் சான்டா பார்பரா கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்தும் கச்சூமா ஏரிப் பூங்கா. அங்கே போகிறவர்கள் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆர்.வி.ன்னா வேனா, பஸ்ஸா? எதை வாடகைக்கு எடுக்கணும்?

ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள நடமாடும் வீடு. மூன்று வகை உண்டு. பஸ் போலவே இருக்கும் பெரிய வண்டி கிளாஸ் ஏ. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு வைத்தது கிளாஸ் பி. முன்பக்கம் வேன், பின்பக்கம் பெட்டி, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை என்று இருப்பது கிளாஸ் சி. இது தவிர காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் உண்டு. அதற்கு இழுக்கத் தெம்புள்ள வண்டி வேண்டும். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகவும் கூடாது.

முதல் முறை என்றால் 25 அடி கிளாஸ் சி போதும். ஐந்து பேர் படுக்கலாம் என்று போட்டிருப்பார்கள், நான்கு பேருக்குத்தான் தாராளம். ஏணி ஏறும் மேல் படுக்கை பிள்ளைகளுக்கு, பின்பக்கக் கட்டில் பெரியவர்களுக்கு என்று முன்கூட்டியே பிரித்துவிடுங்கள்.

சாதாரண லைசென்ஸ் போதுமா? ஓட்டப் பயமா இருக்கு.

போதும். கலிபோர்னியாவில் கார் ஓட்டும் லைசென்ஸை வைத்தே 40 அடி நீளம், 26,000 பவுண்டு எடை வரையுள்ள ஆர்.வி.யை ஓட்டலாம்.

பயம் போக வேண்டுமென்றால் இரண்டு விஷயம் மனதில் இருக்க வேண்டும். ஒன்று, வண்டியின் வால். பின் சக்கரத்துக்குப் பின்னால் ஏழெட்டு அடி நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் வலப்பக்கம் திருப்பும்போது அந்த வால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க்கில் பம்பைத் தட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது, உயரம். கூரையில் ஏ.சி. இருப்பதால் 11, 12 அடி வரும். வண்டியில் இருந்தபடியே சாப்பாடு வாங்கும் டிரைவ் த்ரூ பக்கமே போகாதீர்கள். உங்கள் வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் கூரைக்கு ஏற்படும் சேதம் காப்பீட்டில் வராது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை மட்டுமாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

கவுண்டி பார்க்குக்கு எதுக்குப் போகணும்? நேரா யோசெமிட்டி போனா என்ன?

யோசெமிட்டி தேசியப் பூங்கா முகாம்களில் மின் இணைப்பும் கிடையாது, தண்ணீர் இணைப்பும் கிடையாது. ஆர்.வி.யின் பேட்டரியையும் தொட்டிகளையும் நம்பித்தான் இருக்க வேண்டும். முதல் பயணத்திலேயே அதைச் செய்தால் பாதி நேரம் மீட்டரைப் பார்ப்பதிலேயே போய்விடும். கவுண்டி பூங்காக்களில் இணைப்புள்ள சைட்டுகள் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்கள்) நிறைய உண்டு, வாடகையும் தனியார் ரிசார்ட்டைவிடப் பொதுவாகக் குறைவு. கவுண்டி மக்களின் பொதுச் சொத்து என்பதால் ரேஞ்சர், குளியலறை, கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வீட்டுச் சௌகரியம் கொஞ்சம், காட்டு வாழ்க்கை கொஞ்சம் என்று பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அது இயற்கை ஏரியா, அணையா? பிள்ளைங்க இறங்கிக் குளிக்கலாமா?

அணைதான். சான்டா இனெஸ் ஆற்றின் குறுக்கே 1953இல் கட்டி முடித்த பிராட்பரி மண் அணை தேக்கிவைத்த நீர் இது. மலையைக் குடைந்து ஆறு மைலுக்கும் மேல் நீளமாகப் போட்ட டெக்கலோட்டி சுரங்கம் வழியாக இந்தத் தண்ணீர் சான்டா பார்பரா, கோலீட்டா, மான்டிசீட்டோ, கார்ப்பின்டீரியா வீடுகளுக்குப் போகிறது. சென்னைக்குச் செம்பரம்பாக்கம் எப்படியோ அப்படித்தான் அந்தக் கடற்கரை ஊர்களுக்குக் கச்சூமா.

அதனால் குளிக்கக் கூடாது. காலை நனைப்பதும் கூடாது. பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ஊராரின் குடிநீர்க் கரையில் நாம் தங்குகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பல விதிகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

தண்ணீர் அளவும் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2016இல் வறட்சியில் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 2023 மழையில் நிரம்பி வழிந்தது, 2011க்குப் பிறகு அதுவே முதல் முறை. பழைய படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் கரை வேறு மாதிரி இருக்கலாம்.

எந்த வழியில போறது? 154ல மலை ஏத்தம் பயங்கரம்னு சொல்றாங்களே.

தெற்கிலிருந்து வரும்போது வரைபடம் சான்டா பார்பராவில் 101ஆம் நெடுஞ்சாலையை விட்டு 154ஆம் நெடுஞ்சாலையில் ஏறச் சொல்லும். தூரம் குறைவுதான். ஆனால் ஊரை விட்டதுமே சான் மார்கோஸ் கணவாய் செங்குத்தாக ஏறும். இரண்டாயிரம் அடிக்கு மேல் போய், கோல்ட் ஸ்பிரிங் பள்ளத்தாக்குப் பாலத்தைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு லேன் சாலை. பழகியவர்களுக்கு அழகான வழி.

புதியவர்கள் 101இலேயே தொடர்ந்து போங்கள். கவியோட்டா சுரங்கத்தைத் தாண்டி பியூல்டனில் இறங்கி, 246இல் சால்வாங் வழியாக வந்து 154ஐப் பிடித்தால், ஏரி சில மைல் கிழக்கே இருக்கிறது. தூரம் கூடினாலும் அகலமான சாலை. வழியில் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் அமைத்த சால்வாங்கில் காய்கறி, பால் வாங்கிக்கொள்ளலாம். 154இலேயே போவதாக இருந்தால் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் கியரைக் குறையுங்கள். பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும், அது சட்டம்.

சைட் புக் பண்ணும்போது எதைப் பார்க்கணும்?

கச்சூமாவில் மூன்று வகை சைட் உண்டு. மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உள்ளது ஃபுல் ஹூக்கப். மின்சாரமும் தண்ணீரும் மட்டும் இருப்பது பார்ஷியல். மேசையும் தீ வளையமும் மட்டும் இருப்பது சாதாரண சைட். பெரியவர்கள் இருந்தால் ஃபுல் ஹூக்கப், இல்லாவிட்டால் பார்ஷியலே போதும்.

சைட்டின் நீளத்தைப் பாருங்கள். வண்டியோடு காரும் வருகிறதா என்று கணக்குப் போடுங்கள். ரிவர்ஸ் எடுக்கத் தயக்கம் என்றால் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் புல் த்ரூ சைட் கிடைக்கிறதா என்று கேளுங்கள். இங்கே ஓக் மரங்கள் அதிகம், கிளைகள் தாழ்ந்து வளரும். நிழல் என்று சந்தோஷப்பட்டு உள்ளே விட்டால் கூரை ஏ.சி.யில் உரசும். வார நாட்களில் சைட் எளிதாகக் கிடைக்கும். மெமோரியல் டேயிலிருந்து லேபர் டே வரை (மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை) வார இறுதிக்கு இடம் வேண்டுமானால் சீக்கிரமே எடுத்துவைக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் முதல்ல என்ன செய்யணும்?

எல்லாரும் இறங்கி மேலே பாருங்கள். கிளை எங்கே இருக்கிறது, மின்பெட்டி எந்தப் பக்கம், குழாய் எங்கே என்று தெரிந்த பிறகு ஒருவர் பின்னால் நின்று வழிகாட்ட, மெதுவாக உள்ளே விடுங்கள். வழிகாட்டுகிறவர் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

அப்புறம் மட்டம் பார்ப்பது. போனிலேயே மட்டம் பார்க்கும் ஆப் இருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பலகை வைத்து மட்டமாக்கி, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். பல வண்டிகளில் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கும், சாய்வாக நின்றால் அது சரியாகக் குளிராது. மின்பெட்டியில் பிரேக்கரை அணைத்துவிட்டு பிளக்கைச் சொருகி, பிறகு போடுங்கள். தண்ணீருக்கு வெள்ளை நிறக் குடிநீர் ஹோஸ் மட்டும். குழாய் முனையில் பித்தளை ரெகுலேட்டர் ஒன்றை மாட்டுங்கள். பூங்கா அழுத்தம் அதிகமாக இருந்தால் வண்டிக்குள் பைப் விட்டுப்போகும். நிழல் துணியை விரித்தால் ஆள் இருக்கும்போது மட்டும். மதியத்துக்கு மேல் ஏரியிலிருந்து காற்று பலமாக வரும், விரித்துவிட்டுத் தூங்கப் போனால் கம்பி வளைந்துவிடும்.

30 ஆம்ப்னா என்ன? ஏ.சி. போட்டா இன்ஸ்டன்ட் பாட் ஓடாதா?

120 வோல்ட்டை 30 ஆம்ப்பால் பெருக்கினால் 3600 வாட். வண்டி முழுக்க அவ்வளவுதான், தொடர்ந்து ஓட்ட 2900க்குள் வைத்திருப்பது நல்லது. கூரை ஏ.சி. ஏறக்குறைய 1500 வாட் இழுக்கும். மைக்ரோவேவ் 1500, கெட்டில் 1500, இண்டக்ஷன் அடுப்பு 1800, இன்ஸ்டன்ட் பாட் என்ற மின் குக்கர் 1000. காலையில் ஏ.சி. ஓடும்போது ஒருவர் டிகாஷனுக்குக் கெட்டிலைப் போடுவார், இன்னொருவர் பாலை மைக்ரோவேவில் வைப்பார். 4500 வாட் ஆகிவிடும், பிரேக்கர் விழுந்துவிடும். ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பிரேக்கரைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். ஏ.சி.யோடு இன்ஸ்டன்ட் பாட் மட்டும் என்றால் தாராளமாக ஓடும்.

50 ஆம்ப் இணைப்பில் இரண்டு 120 வோல்ட் கம்பி வருவதால் 12,000 வாட் கிடைக்கும். ஆனால் உங்கள் வண்டி 30 ஆம்ப் வண்டியாக இருந்தால் அடாப்டர் போட்டாலும் 30தான். இணைப்பே இல்லாத சைட்டில் பேட்டரியில் விளக்கும் தண்ணீர் பம்பும் ஓடும், மைக்ரோவேவும் ஏ.சி.யும் ஜெனரேட்டரில்தான்.

ஜெனரேட்டரை ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கலாமா?

கூடாது. இரவில் அமைதி நேரம் உண்டு, அப்போது ஜெனரேட்டர் நின்றிருக்க வேண்டும். எந்த நேரம் என்று வாசலில் தரும் தாளில் இருக்கும். இன்னொன்று, அது வண்டியின் பெட்ரோல் டேங்கிலிருந்தே குடிக்கிறது. கால் டேங்குக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும். பழுது இல்லை, நீங்கள் வீடு திரும்பப் பெட்ரோல் மிச்சம் வைப்பதற்கான ஏற்பாடு.

ஊர்லேர்ந்து கொண்டுவந்த மிக்ஸி ஓடுமா? மாவு, குக்கர் எல்லாம் எப்படி?

ஊர் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே முனகும், அரைக்காது. அமெரிக்காவில் விற்கும் 110 வோல்ட் மிக்ஸி என்றால் சரி. ஆனால் எதற்கு? சட்னிப் பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு என்று வீட்டிலேயே செய்து கொண்டுபோங்கள். மளிகை மறந்துவிட்டால் கச்சூமா பக்கம் கிடைக்காது, இந்தியக் கடைகள் உள்ள ஆர்டீஷியா பயனியர் வீதியிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மாவை முந்தின நாளே பொங்கவைத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி எடுத்துப் போங்கள். பொங்காத மாவை வெயில் காலத்தில் வண்டியில் வைத்தால், வளைவுச் சாலையில் குலுங்கிக் குலுங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு ஃப்ரிட்ஜ் தட்டு முழுக்க வழியும். அந்தத் தட்டின் இடுக்கில் காய்ந்த உளுந்தைச் சுரண்டுவது பெரிய வேலை. ஆர்.வி. ஃப்ரிட்ஜ் குளிர மணிக்கணக்கில் ஆகும் என்பதால், வண்டி எடுக்கப் போகும் முன்பே போட்டுவைக்கச் சொல்லுங்கள். வண்டி அடுப்பு சிறியது, 3 லிட்டர் குக்கர் நிற்கும், பெரிய குக்கர் ஆடும்.

தாளிச்சா அலாரம் அடிக்குதே, அதை எடுத்து வெச்சுடலாமா?

எடுக்கவே கூடாது. வண்டிக்குள் மூன்று அலாரம் இருக்கும்: புகைக்கு, கார்பன் மோனாக்சைடுக்கு, கேஸ் கசிவுக்கு. புரொபேன் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும், அதனால் அந்த அலாரம் கீழேயே இருக்கும். தூங்கும் குடும்பத்தைக் காப்பாற்றுவது இவைதான்.

கடுகும் வரமிளகாயும் தாளிப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பர்னர் கேம்ப் அடுப்பை மேசையில் வைத்து, இரும்புத் தோசைக்கல்லைப் போட்டால் வெளியே நின்று சுடச்சுட எல்லாருக்கும் வார்க்கலாம். வண்டிக்குள் எண்ணெய் வாடையும் தங்காது. அந்த அடுப்பையோ கரி அடுப்பையோ குளிருக்காக உள்ளே கொண்டுவந்து எரிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

கழிவுத் தொட்டியை யார் காலி பண்றது? கேக்கக் கூச்சமா இருக்கு.

கூச்சமே வேண்டாம், எல்லாரும் கேட்பது இதைத்தான். வண்டியில் மூன்று தொட்டி. நல்ல தண்ணீர் ஒன்று. குளியல், பாத்திரத் தண்ணீர் சேர்வது கிரே. கழிவறையிலிருந்து போவது பிளாக். காலி செய்வது நீங்கள்தான், ஃபுல் ஹூக்கப் என்றால் உங்கள் சைட்டிலேயே, இல்லாவிட்டால் கழிவைக் கொட்டுவதற்கென்று பூங்காவில் இருக்கும் டம்ப் ஸ்டேஷனில்.

கையுறை போட்டுக்கொண்டு தடித்த கழிவு ஹோஸை வண்டியிலும் தரைக் குழாயிலும் இறுக்கிப் பொருத்துங்கள். முதலில் பிளாக் வால்வைத் திறந்து முழுசாக வடியவிட்டு மூடுங்கள். அப்புறம் கிரே. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். வரிசை மாறக் கூடாது. கழுவி முடித்து, பிளாக் தொட்டிக்குள் இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் கழிவுத் தொட்டி மருந்தும் ஊற்றி வையுங்கள். குடிநீர் ஹோஸையும் கழிவு ஹோஸையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

ஃபுல் ஹூக்கப்தானே, ரெண்டு வால்வையும் திறந்தே வெச்சுட்டா வேலை மிச்சம் இல்லையா?

பிளாக் வால்வைத் திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கெட்டி அடியில் தங்கிக் காய்ந்து இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் வரை மூடியே வைத்து, ஒரே வேகத்தில் திறக்க வேண்டும். கிரே வால்வைத் திறந்து வைக்கலாம். ஆனால் காலி செய்வதற்கு முந்தின நாள் மூடினால்தான், முன் பதிலில் சொன்னபடி ஹோஸைக் கழுவத் தண்ணீர் சேரும்.

நாங்க பேப்பர் இல்லை, தண்ணிதான். அது பரவாயில்லையா?

நல்லதுதான். பிளாக் தொட்டிக்குத் தண்ணீர் போகப் போகத்தான் அடைப்பு வராது. பேப்பர் குவிவதும் குறையும். ஒரே சிரமம், 30 கேலன் தொட்டி சீக்கிரம் நிரம்பும். வாளி வேண்டாம், சின்ன மக் போதும். மீட்டர் விளக்கை முழுசாக நம்பாதீர்கள். பேப்பர் சென்சாரில் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியும் முக்கால் என்று காட்டும். ஈரத் துடைப்பான், டயப்பர், நாப்கின் எதையும் உள்ளே போடக் கூடாது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களே முதல் நாள் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பாத்திரத்தைக் குழாயடியில கழுவிடலாமா?

கூடாது. அந்தக் குழாய் குடிநீர் பிடிக்க. சோற்றுப் பருக்கையும் சாம்பாரும் மண்ணில் விழுந்தால் அன்று இரவே ரக்கூன் வரும், மழையில் மிச்சம் ஏரிக்குப் போகும். வண்டித் தொட்டியிலும் எண்ணெய் ஊற்றாதீர்கள், கிரே தொட்டியில் படிந்து நாறும். தட்டைப் பேப்பரால் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் தண்ணீரில் கழுவுங்கள். அப்பளம் பொரித்த எண்ணெயை பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

அப்பா அம்மாவுக்கு ஒத்து வருமா? முட்டி வலி இருக்கு.

வரும், இடத்தைச் சரியாக எடுத்தால். வாசல் படி உயரம், அடியில் அகலமான முக்காலி ஒன்றைப் போடுங்கள். கழிவறை மிகச் சிறியது. பூங்காக் கட்டடத்தின் கழிவறைக்குப் பக்கத்துச் சைட்டை எடுத்தால் அவர்களுக்குத் தேவைப்படும்போது அங்கே போகலாம். வண்டியின் வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 6 கேலன், ஒருவர் குளித்ததும் அடுத்தவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவர்களை முதலில் குளிக்கவிடுங்கள்.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். கைப்பேசி சிக்னல் எல்லா மூலையிலும் கிடைக்காது, எங்கே கிடைக்கிறது என்று வந்த அன்றே பார்த்துவையுங்கள். சால்வாங்கில் சான்டா இனெஸ் வேலி காட்டேஜ் மருத்துவமனை இருக்கிறது. பகலெல்லாம் நாற்காலியைப் போட்டு மர நிழலில் உட்கார்ந்திருப்பதே அவர்களுக்குப் போதும். பிள்ளைகளைப் போல அவர்களை அங்கே இங்கே என்று இழுக்காதீர்கள்.

கார் சீட் எங்க கட்டறது? ஓடற வண்டியில பிள்ளைங்க படுத்துக்கலாமா?

படுக்கக் கூடாது, நடக்கவும் கூடாது. எல்லாரும் பெல்ட் போட வேண்டும். கார் சீட்டை முன்னோக்கிய, பெல்ட் உள்ள இருக்கையில் மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டு சோபாவில் வேண்டவே வேண்டாம். கலிபோர்னியாவில் 8 வயதுக்குக் கீழே, 4 அடி 9 அங்குலத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கார் சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். வாடகைக்கு எடுக்கும் முன் எந்த இருக்கையில் கட்டலாம் என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர்களோடு காரும் வருகிறது என்றால், கைக்குழந்தையைக் காரில் கொண்டுவருவதுதான் என் விருப்பம்.

பாம்பு, கரடி எல்லாம் வருமா?

ராட்டில் பாம்பு உண்டு. இருட்டில் டார்ச் இல்லாமல், செருப்பில்லாமல் நடக்காதீர்கள். விறகுக் குவியலில் கைவிடாதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசையாமல் வைத்து 911ஐக் கூப்பிடுங்கள். சுற்றுமலைகளில் கரடியும் மலைச்சிங்கமும் இருக்கின்றன, முகாமில் உங்களுக்குத் தொல்லை தருவது ரக்கூனும் அணிலும்தான். சாப்பாட்டை மேசையில் விடாதீர்கள்.

நான் அதிகம் பயப்படுவது பாய்சன் ஓக் செடிக்கு. மூன்று மூன்று இலையாக இருக்கும், பளபளக்கும், இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கும். பிள்ளைகள் பறிக்கப் போவார்கள். அதன் எண்ணெய் பட்டால் சில நாளில் கொப்பளம் வரும். பட்டதாகச் சந்தேகம் வந்தாலே சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பையும் தனியாகத் துவையுங்கள்.

விறகை வீட்டுலேர்ந்தே கொண்டு போகலாமா?

வேண்டாம், அங்கேயே வாங்குங்கள். தங்கப்புள்ளி ஓக் துளைப்பான் என்ற வண்டு தெற்குக் கலிபோர்னியாவில் ஏராளமான ஓக் மரங்களைக் கொன்றிருக்கிறது. தன்னால் பறந்து பரவுவதைவிட விறகில் ஒளிந்து காரில் போய்த்தான் தூரத்து ஊர்களுக்குப் பரவுகிறது. கச்சூமாவின் நிழல் முழுக்க ஓக். நம் வீட்டு விறகு ஒரு கட்டு போதும், அந்த நிழலுக்கு உலைவைக்க.

தீ வளையத்துக்குள் மட்டும் எரிக்க வேண்டும். காய்ந்த மாதங்களில் விறகுத் தீயையே தடை செய்வார்கள், கிளம்பும் நாளன்று பூங்காவில் கேளுங்கள். 2017 ஜூலையில் ஏரிக்குத் தெற்கே பற்றிய விட்டியர் தீ 18,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

மீன் பிடிக்கலாமா? எங்க காற்றடிக்கிற கயாக்கைக் கொண்டு வரட்டுமா?

பிடிக்கலாம். 16 வயதும் அதற்கு மேலும் என்றால் கலிபோர்னியா மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். டிரவுட், பாஸ், கெளுத்தி எல்லாம் உண்டு.

படகு விஷயத்தில் கண்டிப்பு அதிகம். குவாகா மட்டி போன்ற வெளியூர்ச் சிப்பிகள் ஈரமான படகில் ஒட்டி வந்தால், குடிநீர்க் குழாய்களையே அடைத்துவிடும். அதனால் சொந்தப் படகுகளுக்கு ஆய்வும் தனிமைக் காலமும் உண்டு. காற்றடிக்கும் கயாக்குக்கும் என்ன விதி என்று புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அங்கேயே வாடகைப் படகு கிடைக்கும், எங்கள் சுற்றத்துக்கு நான் சொல்வது அதைத்தான். பூங்கா நடத்தும் இயற்கை உலாப் படகு ஓடும் பருவமாக இருந்தால் தவறவிடாதீர்கள். குளிர்காலத்தில் வழுக்கைத் தலைக் கழுகுகளைப் பார்க்கலாம்.

நாலு குடும்பம் சேர்ந்து போறோம், ஒரே சைட்ல உட்காரலாமா?

ஒரு சைட்டில் எத்தனை பேர், எத்தனை வண்டி என்று வரம்பு உண்டு. அடுத்தடுத்த சைட்டுகளாக எடுங்கள், அல்லது குழுக்களுக்கான இடத்தைக் கேளுங்கள். அடுத்தவர் சைட்டின் குறுக்கே நடந்து போகாதீர்கள். அங்கே அது வீட்டு முற்றத்தில் நடப்பது.

இரவில் தண்ணீர்ப் பரப்பில் குரல் வெகுதூரம் போகும். சீட்டாட்டச் சிரிப்பு எதிர்க்கரைக்குக் கேட்கும். நாம் கூடினால் சத்தம் வரும், அதில் தப்பில்லை. பத்து மணிக்கு மேல் வண்டிக்குள் போய்விடுங்கள், ஸ்பீக்கரை வெளியே வைக்காதீர்கள்.

எந்த மாசம் நல்லது? ஜனவரியில போய்ப் பொங்கல் வைக்கலாமா?

ஏப்ரல், மே, அக்டோபர் எனக்குப் பிடித்த மாதங்கள். மலை தாண்டி உள்ளே இருப்பதால் ஆகஸ்ட் மதியம் கடற்கரையைவிட நன்றாகவே சுடும், மின் இணைப்பு இல்லாமல் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

ஜனவரியில் கூட்டம் குறைவு, கழுகு வரும் காலம், மலை பச்சையாக இருக்கும். இரவு நன்றாகக் குளிரும், மழையும் பெய்யலாம். தீத்தடை இல்லை என்றால் தீ வளையத்தின் கம்பியில் பானையை வைத்துப் பொங்கல் வைக்கலாம். பால் பொங்கும்போது குலவையும் போடலாம், பகல் நேரம்தானே. பூ, மஞ்சள், கரும்புச் சக்கை எதையும் ஏரியில் விடக் கூடாது. காரணம் நான்காவது பதிலில் இருக்கிறது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஓட்டலைவிட மலிவா?

பல சமயம் மலிவு இல்லை. நாள் வாடகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மைல் கட்டணம், ஜெனரேட்டர் மணிக்கணக்கு, காப்பீடு, படுக்கை-பாத்திரக் கட்டணம், சைட் வாடகை, தொட்டி காலி செய்யாமல் திருப்பினால் அபராதம், இதெல்லாம் தனித்தனி. பெட்ரோல் கேலனுக்கு 8, 10 மைல்தான் கொடுக்கும். வீட்டுப் போர்வையையும் பாத்திரத்தையும் கொண்டுபோனால் ஒரு கட்டணம் மிச்சம். வண்டி எடுக்கும்போது உள்ளும் புறமும், முக்கியமாகக் கூரை ஓரங்களை, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கச்சூமால இடம் இல்லைன்னா? அடுத்த வருஷம் யோசெமிட்டிக்கு இதே வண்டியில போகலாமா?

வடக்கே சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியின் லோப்பஸ் ஏரி, தெற்கே ரிவர்சைடு கவுண்டியின் ஸ்கின்னர் ஏரி இரண்டிலும் ஹூக்கப் சைட் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் இருப்பவர்களுக்கு சான்டா கிளாரா கவுண்டியின் கயோட்டி ஏரி பக்கம். நீரில் இறங்கும் விதி ஒவ்வொரு ஏரிக்கும் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

யோசெமிட்டிக்கு 25 அடி வண்டி பொருந்தும். ஆனால் அதற்கு முன் கச்சூமாவிலேயே ஒரு இரவு மின் பிளக்கையும் தண்ணீர் ஹோஸையும் கழற்றிவிட்டு இருந்து பாருங்கள். பேட்டரி காலை வரை நிற்கிறதா, நல்ல தண்ணீர்த் தொட்டி நான்கு பேருக்கு எத்தனை நேரம் வருகிறது, கிரே எப்போது நிரம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் பிளக் பக்கத்திலேயே இருக்கிறது, சொருகிவிடலாம். அந்த எண்களை வைத்து யோசெமிட்டியில் எத்தனை நாள் தங்குவது என்று முடிவு செய்யுங்கள்.